மிஸ்டு காலில் ஏவிய கணைகள்

பாப்பா,

போன வெள்ளிக்கிழமை நீ போனில் கேட்டதற்கு "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். கார்டு தீரப்போகிறது என்று ஒரு பொய்யையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். கார்டில் நிறைய பாக்கி இருந்தது, பதில்தான் இல்லை. மாப்பிள்ளைப் பையன் அல் கோபாரில் ஏசி மெக்கானிக். நல்ல பையன் என்று போட்டோவிலேயே தெரிகிறது. நீயும் பேசிப் பார்த்துவிட்டு, பிடித்திருக்கிறது என்கிறாய். ஆனால் அவன் விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக வழியில்லை. கல்யாணம் முடிந்த கையோடு அவன் சவுதிக்குப் போய்விடுவான், நீ ஊரில் அவன் அப்பா அம்மாவோடு இருப்பாய், இரண்டு வருடத்துக்கு ஒரு லீவு. "நீங்களும் அம்மாவும் இருந்த மாதிரி இருந்துக்குவோம்ப்பா. நமக்குள்ள என்ன குறைஞ்சு போச்சு? நாம போன்லயே ரோபோ சண்டை விளையாடலையா?" என்று கேட்டாய். அந்த வீட்டில் இந்த மாதத்துக்குள் பதில் கேட்கிறார்கள். நீ என்னையே சாட்சிக்கூண்டில் ஏற்றிவிட்டாய். போனில் பதில் சொன்னால் அரைகுறையாகச் சொல்லித் தொலைப்பேன். அதனால் உட்கார்ந்து எழுதி, லீவில் ஊருக்குக் கிளம்பும் காதர் பாய் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

முதலில் உனக்கு நன்றி சொல்ல வேண்டும். மகளுக்கு யாராவது நன்றி சொல்வார்களா என்று சிரிக்காதே. நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது நான் லீவில் வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வாய். நான் கொண்டுவந்த சாக்லேட்டை எடுத்துக்கொள்வாய், என்னைத்தான் எடுத்துக்கொள்ள மாட்டாய். ஒரு முறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது அம்மாவிடம் நீ, "அவங்க எப்பம்மா போவாங்க?" என்று கேட்டது எனக்குக் காதில் விழுந்தது. குழந்தைதானே என்று சிரித்துக்கொண்டேன். பிறகு குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன். போனில் அதைவிட மோசம். "நல்லா இருக்கேன், அம்மாகிட்ட குடுக்கறேன்." அவ்வளவுதான் உன் பேச்சு. இங்கே ருவைஸ் கேம்ப்பில் எங்கள் ரூமில் எல்லார் கதையும் அதுதான். ஸ்டோரில் வேலை பார்க்கும் காதர் பாய் சொல்வார், "நம்ம வாப்பாமாருக்கு போன்ல கேக்க ரெண்டே கேள்விதான் தெரியும். சாப்பிட்டியா, படிச்சியா. புள்ளைங்களும் ரெண்டே பதில்தான் வச்சிருக்குதுங்க." அவர் விளையாட்டாகச் சொல்வார், ரூமில் யாரும் சிரிக்க மாட்டோம்.

நீ எட்டாவது படிக்கும்போது நான் மொபைல் வாங்கிக்கொண்டு லீவில் வந்தேன் அல்லவா, அந்த வருடம்தான் எல்லாம் மாறியது. ஹாலில் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கிராஃப் ஷீட்டுகளை ஒட்டி மேப் மாதிரி விரித்து, அதில் சோடா மூடிகளை நகர்த்திக்கொண்டிருந்தாய். கணக்கு வீட்டுப்பாடம் என்று நினைத்தேன். ராட்சத ரோபோக்களின் சண்டை என்றாய். டிவியில் பார்த்ததை வைத்து நீயே விதிகள் எழுதியிருந்தாய். நாலு மாடி உயரத்துக்கு இரும்பு மனிதன், அதன் நெஞ்சுக்குள் ஓட்டுகிறவன் உட்கார்ந்திருப்பான். "இவ்வளவு ஒசரம் எதுக்கு? குனிஞ்சு நடந்தா அடி படாதுல்ல?" என்று கேட்டேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நான் சொன்ன ஒன்றுக்கு நீ சிரித்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் சோறு ஆறிப்போகிற வரைக்கும் எனக்குப் பாடம் நடத்தினாய். உன் அம்மா வாசல்படியில் நின்று பார்த்துவிட்டு, கூப்பிடாமலே போய்விட்டாள்.

அந்தப் பாடம் எனக்கு இன்றும் மனப்பாடம். உன் பெரிய ரோபோவின் பெயர் தேர். இரண்டு தோளிலும் பெட்டி பெட்டியாக ஏவுகணை. மெதுவாகத்தான் நகரும், அது ஒரு பக்கம் திரும்புவதற்குள் நமக்குத் தூக்கம் வந்துவிடும். ஆனால் மலைக்குப் பின்னால் ஒளிந்து நின்றபடியே மலையைத் தாண்டி அடிக்கும். கண்ணுக்குத் தெரியாததை எப்படி அடிக்கும் என்றேன். அதற்குத்தான் சிட்டு என்றாய். சிட்டு சின்ன ரோபோ. அதற்கு ஆயுதம் கிடையாது, ஓட்டம் மட்டும்தான். அது முன்னால் ஓடிப்போய் எதிரி நிற்கிற இடத்தைப் பார்த்துச் சொல்லும், தேர் அதன் சொல்லை நம்பி ஏவும். எதிரியிடம் தடுப்புத் துப்பாக்கி இருந்தால் வருகிற கணைகளில் முதல் சிலவற்றை வானத்திலேயே சுட்டுவிடும். அதனால் ஒவ்வொன்றாக ஏவுகிறவன் ஏமாளி, கொத்தாக ஏவ வேண்டும். கொத்தாக ஏவினாலோ பெட்டி காலியாகிவிடும், அதன்பிறகு தேர் வெறும் நடக்கிற இரும்பு. மிச்சம் பிடித்து வைத்தால், பெட்டியில் அடி படும்போது கணை உள்ளேயே வெடிக்கும். எதிரி மிகவும் கிட்டே வந்துவிட்டால் தேரால் ஏவவே முடியாது என்றும் சொன்னாய். கிளம்பின கணை வளைந்து குறி பார்க்கக் கொஞ்சம் தூரம் வேண்டுமாம். "தூரமா இருந்தாத்தாம்ப்பா அது பலசாலி" என்றாய். நானும் பெரிதாகத் தலையாட்டினேன்.

லீவு முடிந்து நான் கிளம்பும்போது அதே மேப்பை இன்னொரு தாளில் வரைந்து, மடித்து, என் சட்டைகளுக்கு நடுவில் வைத்தாய். எனக்கும் இரண்டு ரோபோ கொடுத்தாய். நான் பெரியதற்குக் கிரேன் என்றும் சின்னதற்கு எலி என்றும் பெயர் வைத்தேன். உனக்கு அந்தப் பெயர்கள் பிடிக்கவில்லை, ஆனாலும் விட்டுக்கொடுத்தாய். வெள்ளிக்கிழமை போனில் நீ இரண்டு திட்டம் சொல்வாய், நானும் இரண்டு சொல்வேன். வாரத்தின் நடுவில் ஒரு மிஸ்டு கால் வந்தால் முதல் திட்டம், இரண்டு வந்தால் இரண்டாவது திட்டம். மிஸ்டு காலுக்குக் காசு இல்லை என்பதை இந்த உலகத்தில் நம் ஆட்களைப்போல் யாரும் பயன்படுத்தியிருக்க மாட்டார்கள். ரூமுக்கு வந்து சேர்ந்தேன் என்பதற்கும் மிஸ்டு கால், பணம் வந்தது என்பதற்கும் மிஸ்டு கால். நாம் அதில் ஏவுகணையும் விட்டோம். கணை பட்டதா இல்லையா என்று பார்க்க இங்கே காதர் பாய்தான் எனக்காகப் பகடை உருட்டுவார். நான் உருட்டினால் நீ நம்ப மாட்டாயாம், அவர் அஞ்சு வேளையும் தொழுகிறவராம். என் கட்டிலுக்கு அடியில் மேப் விரிந்தே கிடக்கும். டூட்டி முடிந்து வந்தால் சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் நானும் அவரும் குனிந்து பார்ப்போம். வெள்ளிக்கிழமை வந்தால் மற்றவர்கள் போனில் என்ன பேசுவது என்று தவிப்பார்கள், எனக்கோ நேரம் பற்றாது.

முதல் ஆட்டத்தில் நான் ஜெயித்தது உனக்கு ஞாபகம் இருக்கும், ஒரு வாரம் முறைத்துக்கொண்டாயே. என் எலியை உன் தேருக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்தி, என் கிரேனை மலைக்குப் பின்னால் வைத்து அடித்தேன். "இது யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?" என்றாய். யாரும் சொல்லித் தரவில்லை பாப்பா, நான் தினமும் செய்கிற வேலையே அதுதான் என்றேன். பிளான்ட்டில் பெரிய பெரிய குழாய்களையும் டிரம்களையும் கிரேன் தூக்கும். ஆபரேட்டர் ஒரு பக்கம் கேபினில் இருப்பார், சாமான் இறங்குகிற இடம் மறுபக்கம், நடுவில் கட்டடம். அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டு வாக்கி டாக்கியில் சொல்லச் சொல்ல அவர் இறக்குவார். எங்கள் ஆபரேட்டர் பஞ்சாபிக்காரர். "போலோ பாய்" என்று கேட்பார், நான் மெதுவாக இறக்கச் சொல்லி "ஆஸ்தே, ஆஸ்தே" என்பேன். என் வாய் தப்பினால் கீழே நிற்கிற ஆள் நசுங்கிவிடுவான். இதைக் கேட்டு நீ, "அப்ப நீங்கதான் அங்க சிட்டாப்பா?" என்று கேட்டாய். "கீழ நிக்கறப்ப பயமா இருக்காதா? சாமான் ஆடாதா? காத்தடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டுக்கொண்டே போனாய். அதுவரைக்கும் பள்ளிக்கூடத்தில் அப்பா என்ன வேலை என்று கேட்டால் வெளிநாடு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாயாம். அன்றைக்கு வரைக்கும் என் வேலையைப் பற்றி என்னைக் கேட்ட ஒரே ஆள் நீ. போனை வைத்துவிட்டு நான் கேம்ப்பைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மூன்று மிஸ்டு கால் விட்ட கூத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் உன் அம்மா கோபித்துக்கொள்வாள். அடுத்தடுத்து மூன்று வந்தால் பெரிய ஆபத்து, உடனே கூப்பிடு என்பது எனக்கும் அவளுக்கும் பழைய ஏற்பாடு. நீயும் நானும் அதை மறந்துவிட்டு, மூன்று என்றால் எல்லா ஏவுகணையும் ஒரே கொத்தாக என்று வைத்துக்கொண்டோம். உன் தேர் தனியாக மாட்டிக்கொண்டு நின்ற அன்று மத்தியானம் நான் மூன்றை விட்டேன். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய், போன் அடுப்படியில் இருந்தது. பிளான்ட்டுக்குள் மொபைல் கொண்டுபோகக் கூடாது என்பதால் அதை லாக்கரில் வைத்துவிட்டு நான் வேலைக்குப் போய்விட்டேன். அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். நான் சாயங்காலம் வந்து போனை எடுப்பதற்குள் நம் வீட்டில் தெருவே கூடியிருந்தது, உன் சித்தி ஒப்பாரிக்கே தயாராகிவிட்டாள், யாரோ எனக்காக மொட்டை வேறு வேண்டிக்கொண்டிருந்தார்கள். "என்னங்க ஆச்சு?" என்று அவள் அழுதபடி கேட்க, "தேர் மேல மிசைல் விட்டேன்" என்றேன். அப்புறம் நான் வாங்கிக் கட்டிக்கொண்டதை எழுத மாட்டேன். முடிவில் அவள் ஒரே பிடியாக நின்றாள். "எனக்கும் இந்த விளையாட்டைச் சொல்லிக் குடுங்க. இல்லாட்டி இந்தப் போன்ல இனிமே ஒரு ரிங்கும் வராது." நீதான் உட்கார்ந்து அவளுக்குக் கற்றுக்கொடுத்தாய். அந்த மொட்டையை அடுத்த லீவில் நான் போட்டுக்கொண்டேன், அதையும் நீ மறந்திருக்க மாட்டாய்.

அந்த லீவில் இன்னொன்றும் நடந்தது. போனில் அவ்வளவு பேசுகிற நாம் நேரில் உட்கார்ந்தால் பேச்சே வரவில்லை. நீ நகத்தைப் பார்ப்பாய், நான் மின்விசிறியைப் பார்ப்பேன். மூன்றாம் நாள் நீ மேப்பை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனாய், நான் என் மேப்போடு பின்கட்டில் உட்கார்ந்தேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு பேரும் மிஸ்டு கால் விட்டு விளையாடினோம். அதன்பிறகுதான் சகஜமானோம். உன் அம்மா இரண்டு பக்கமும் காபி கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நல்ல அப்பா, நல்ல மகள்" என்றாள். நாம் இரண்டு பேரும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டோம்.

நீ ப்ளஸ் டூ வந்ததும், டியூஷன் இருக்கிறது, வெள்ளிக்கிழமை பேச நேரமில்லை, திட்டங்களை மெசேஜில் அனுப்புகிறேன் என்றாய். சரி என்றேன். படிப்புதானே முக்கியம். மெசேஜும் மிஸ்டு காலுமாக ஆட்டம் தொடர்ந்தது. உன் ஆட்டமும் மாறியது. முன்பெல்லாம் எலியைக் கண்டாலே பெட்டியைக் காலி செய்வாய். இப்போது கணைகளைச் சும்மா வீணாக்கவில்லை. சிட்டை முன்னால் அனுப்பினால் அது திரும்பி வர ஒரு வழி வைத்துத்தான் அனுப்பினாய். அது ஆபத்தில் மாட்டும்போது, கையில் வந்த வெற்றியை விட்டுவிட்டு அதை மீட்டுக்கொண்டு போனாய். கடைசி ஆட்டத்தில் என்னைக் கவிழ்த்த விதத்தை ரூமில் இன்னும் பேசுகிறோம். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஏவி, தேரின் பெட்டி காலி என்று என்னை நம்ப வைத்தாய். நான் தைரியமாகக் கிரேனை மலையின் மறைவிலிருந்து வெளியே நடத்தி வந்தேன். நீ ஒரு பெட்டியைத் தொடாமலே வைத்திருந்தாய். மொத்தமும் வந்து விழுந்தது, என் தடுப்புத் துப்பாக்கியால் ஒன்றும் ஆகவில்லை. தோற்ற நான் ரூமுக்கே புரோட்டா வாங்கிக் கொடுத்தேன். "என் மகளுக்குப் பொறுப்பு வந்துருச்சு பாய், பாத்தீங்களா அவ புத்தியை" என்று காதர் பாயிடம் சொல்லிச் சொல்லி அவர் காது புளித்துப்போனது. வெள்ளிக்கிழமைகளில் உன் அம்மாவிடமும் அதையேதான் பேசுவேன். அவள் ம், ம் என்று கேட்டுக்கொள்வாள்.

இதையெல்லாம் அசைபோட்டுவிட்டு, உனக்குச் சம்மதம் என்றே எழுதலாம் என்று முடிவுக்கு வந்திருந்தேன். மகள் சொல்வது சரிதானே, என்ன குறைந்துவிட்டது, மிஸ்டு காலிலேயே ஒரு பிள்ளையை வளர்த்துவிட்டோமே என்று எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது. எதற்கும் உன் அம்மாவை ஒரு வார்த்தை கேட்போம் என்று நேற்று கூப்பிட்டேன். நீ சொன்னதைச் சொன்னேன். ரோபோ சண்டையைப் பற்றியும் சொன்னேன், அதிலும் அந்தக் கடைசி ஆட்டத்தைப் பற்றி. லைன் போய்விட்டதோ என்று ஹலோ ஹலோ என்றேன்.

"இருக்கேங்க" என்றாள். "அந்த ஆட்டம் அவ ஆடினது இல்ல. அவ ப்ளஸ் டூ போனதுமே விட்டுட்டா. வயசு வந்துருச்சு, வேற நெனப்பு, வேற சிநேகம். அப்பாகிட்ட எப்படிம்மா சொல்றதுன்னு அழுதா. நான்தான் போனை வாங்கி வச்சுக்கிட்டேன்."

"அப்ப மெசேஜு?"

"நான்தான். கடைசி வரைக்கும் நான்தான்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன்.

"சொல்லிறலாம்னுதான் இருந்தேன். நீங்க வாரா வாரம் எங்கிட்டயே அந்த ஆட்டத்தைப் புகழ்ந்து பேசுவீங்க. என்ன பொறுமை, என்ன புத்தின்னு. என்னைப் பத்தி நீங்க அவ்வளவு நல்லாப் பேசி நான் கேட்டதே இல்லங்க. அதான் அப்படியே விட்டுட்டேன்."

பாப்பா, உன் மேல் எனக்குத் துளிகூட வருத்தம் இல்லை. அதை முதலில் மனதில் போட்டுக்கொள். அந்த வயதில் விளையாட்டை விடாமல் இருந்திருந்தால்தான் நான் கவலைப்பட்டிருக்க வேண்டும். அப்பா மனம் நோகுமே என்று நீ அழுதாய் பார், "அவங்க எப்ப போவாங்க" என்று கேட்ட பிள்ளை நீ. அந்த அழுகைக்கு நான் உனக்கு ஆயுசுக்கும் கடமைப்பட்டிருக்கிறேன். நீ என்னிடம் வந்து சேர்ந்திருக்காவிட்டால் நானும் சாப்பிட்டியா, படிச்சியா என்றே கேட்டுக் கிழவனாகியிருப்பேன். உன் சோடா மூடிகளுக்கும் கிராஃப் ஷீட்டுக்கும் நான் கும்பிடு போடுகிறேன்.

ஆனால் என்ன குறைந்தது என்று கேட்டாய் அல்லவா, இதுதான் குறைந்தது. அந்தப் பக்கம் ஆடுவது என் பெண்டாட்டியா என் மகளா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரமோ இரண்டு வாரமோ அல்ல, ஒரு வருடத்துக்கு மேல். பொறுமைசாலி, மிச்சம் பிடிக்கிறவள், தன் ஆளை விட்டுக்கொடுக்காதவள், சமயம் பார்த்து அடிக்கிறவள் என்று கண்டுபிடித்து ஊரெல்லாம் சொன்னேன். நான் தாலி கட்டின பெண் அப்படிப்பட்டவள் என்பது மட்டும் எனக்குத் தெரியாமல் போயிற்று. அடுத்த அறையில் இருந்திருந்தால் அவள் போனைக் கையில் எடுக்கிற விதத்திலேயே தெரிந்திருக்கும். அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லாமல் இத்தனை காலம் ஓட்டியிருக்கிறேன், அவள் அதைத் திருட்டுத்தனமாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. நம் வீட்டில் போன் நன்றாகத்தான் வேலை செய்தது பாப்பா. அதை வைத்துக் குடும்பம் நடந்தது என்று நீ நினைத்துக்கொள்ளாதே.

அதனால் என் பதில் இது. அந்தப் பையனை வேண்டாம் என்று சொல்லாதே, பிடித்திருக்கிறது என்கிறாய். அவனிடம் நீயே கேள். உன்னைக் கூட்டிப்போகிற வேலையாகப் பார்த்து மாறிக்கொள்ளட்டும், இல்லையென்றால் ஊரிலேயே ஒரு கடை போடட்டும், கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று நடக்கிற வரைக்கும் தேதி குறிக்க வேண்டாம். காத்திருக்க மாட்டோம் என்று அந்த வீட்டில் சொன்னால் பெரியவர்களிடம் நான் பேசிக்கொள்கிறேன், பழி என் மேல் இருக்கட்டும். அவன் காத்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொரு விஷயம், இது உனக்கும் எனக்கும் மட்டும். இன்று காலை ஆபீசில் போய் என் விசாவைக் கேன்சல் பண்ணச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர், "கியா ஹுவா, கர் மே சப் டீக் ஹை?" என்று வீட்டு நிலவரம் கேட்டார். எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றேன். அம்மாவிடம் நீ மூச்சு விடாதே. போனிலும் நான் சொல்லப்போவதில்லை. வீட்டுக்கு வந்து, அவளை எதிரே உட்கார வைத்து, அந்த ஆட்டம் எவ்வளவு நன்றாக இருந்தது என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் அப்பா
ருவைஸ்